மாடு முகம் திருப்பிய தண்ணீர்

மாடு வாய் வைக்காத புதுத் தண்ணீரை அந்த ஊரில் யாரும் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. அந்தியூரைத் தாண்டி ஜீப் மலையேறத் தொடங்கியபோதே கிராம நர்ஸ் சரோஜா சிஸ்டர் இதைச் சொல்லிவிட்டார். தொட்டித் திறப்புக்கு முன் நடக்கும் ஒரு பூசை போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, என் குறிப்பேட்டில் 'மாடு – 10 நிமிடம்' என்று எழுதினேன்.

கோயம்புத்தூரில் ஒரு மோட்டார் பம்ப் கம்பெனியின் தரச் சோதனைப் பிரிவில் இருபத்தெட்டு வருடமாக வேலை பார்க்கிறேன். எங்கள் நண்பர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் சிறிய அறக்கட்டளை, பர்கூர் மலையில் முப்பது வீடுகள் உள்ள ஓர் ஊருக்கு மேட்டு ஊற்றிலிருந்து குழாய் இறக்கி, ஐயாயிரம் லிட்டர் தொட்டி கட்டியிருந்தது. ஊர்ப் பெயரை வேண்டுமென்றே எழுதாமல் விடுகிறேன். அங்கே மின்சாரம் கிடையாது. தண்ணீர் தானாகவே இறங்கி வரும். பம்ப் இல்லாத ஊருக்குப் பம்ப் கம்பெனி ஆள் எதற்கு என்று என் மனைவி கேட்டாள். தொட்டியைக் கிருமி நீக்கித் திறந்துவைக்க, எதையும் அளந்து செய்கிற ஆள் வேண்டும் என்று என்னைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். கூடவே மூன்று நாள் மருத்துவ முகாம்.

போன மழைக்காலத்தில் அந்த ஊரில் ஒரு பெண் குழந்தை வயிற்றுப்போக்கில் இறந்துபோனது. அடுத்த மழைக்கு மூன்று வாரம் இருந்தது. அதற்குள் ஊர் முழுவதும் தொட்டித் தண்ணீருக்கு மாறிவிட வேண்டும். பயணத்தின் காரியம் இவ்வளவுதான்.

ஜீப்பில் நான், சரோஜா சிஸ்டர், திருப்பூரிலிருந்து வந்திருந்த ஓர் இளம் பெண் டாக்டர், ஓட்டுநர் பொன்னுசாமி. மீதிப் பெட்டிகள் பின்னால் ஒரு டெம்போவில் வந்தன. காலைச் சாப்பாடு அந்தியூரில் இட்லி. மதியத்துக்கு சிஸ்டர் கோபியிலிருந்து தூக்குப் போசியில் அரிசிம்பருப்புச் சாதம் கொண்டுவந்திருந்தார். ஐந்து பேர் சாப்பிடும் அளவு இருந்தது. பொன்னுசாமி இரண்டு பேர் பங்கைச் சாப்பிட்டதால் மிச்சமில்லை.

சாப்பிட்டுவிட்டு என் தண்ணீர் பாட்டிலைப் பார்த்தார். "ஏனுங் சார், கோயமுத்தூர்க்காரங்க சிறுவாணித் தண்ணியத் தவர வேற எதையும் தண்ணீன்னே ஒத்துக்க மாட்டீங்களாமா?"

நான் சிறுவாணி குடித்து வளர்ந்தவனில்லை என்று சொன்னேன். பிறந்தது காங்கேயத்துக்குத் தெற்கே. ஆயிரம் அடி தோண்டினாலும் புகைதான் வரும். லாரித் தண்ணீருக்கு வாசலில் டிரம் வைத்துக் காத்திருந்த வீடு. அரிசி களைந்த தண்ணீர் மாட்டுக்கு, குளித்த தண்ணீர் வாழைக்கு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வழி இருந்தது. இன்றைக்கும் கோவையில் எங்கள் குடியிருப்பில், சுத்திகரிப்புக் கருவியின் கழிவுக் குழாய்க்குக் கீழே நான் ஒரு வாளி வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் சிரிப்பார்கள்.

பாதி மலையில் டெம்போவுக்கு கிளச் போய்விட்டது. மெக்கானிக் கீழிருந்து வர வேண்டும். மருந்துப் பெட்டிகளை ஜீப்புக்கு மாற்றிக்கொண்டோம். தண்ணீரில் குளோரின் அளவைப் பார்க்கும் என் சோதனைப் பெட்டி அடியில் மாட்டிக்கொண்டிருந்தது. மறுநாள் வந்துவிடும் என்றார்கள், விட்டுவிட்டேன்.

மதியம் ஒன்று பத்துக்கு ஊர் சேர்ந்தோம். முதலில் அவர்கள் இதுவரை குடித்த தண்ணீரைப் போய்ப் பார்த்தேன். ஊருக்குக் கீழே பள்ளத்தை, அதாவது ஓடையை, ஒட்டி ஒரு குழி. ஒரு கரையில் மாட்டுக் குளம்படிகள், மறு கரையில் குடம் வைக்கும் கற்கள். தண்ணீர் பார்க்கத் தெளிவாகத்தான் இருந்தது.

அன்று மாலை பிளீச்சிங் பவுடரைக் கரைத்து, ஊர்க்காரர்கள் முந்தின நாளே தேய்த்துக் கழுவி நிரப்பிவைத்திருந்த தொட்டியில் தெளிவை மட்டும் ஊற்றினேன். கழுவுவதற்குப் போடும் அளவு, குடிக்கப் போடும் அளவைப் போலப் பல மடங்கு. ஓர் இரவு நின்ற பிறகு அதை முழுவதும் வெளியேற்றிவிட்டு, புதிதாக நிரப்பி, குடிக்கும் அளவுக்கு மட்டும் மறுபடி போட வேண்டும். இது விதி. நானே இரண்டு ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

இரவுச் சாப்பாடு ஊர்ப் பெரியவர் பசுவண்ணன் வீட்டில். ராகிக் களி, அவரைக்காய்க் குழம்பு. களியை மெல்லக் கூடாது, உருட்டி விழுங்க வேண்டும் என்று பொன்னுசாமி எனக்குப் பாடம் நடத்தினார். இங்கே பேசுவது கன்னடம். சிஸ்டர் பதினோரு வருடமாக வந்துபோவதால் பேசுவார். பசுவண்ணன் என்னிடம் கேட்டதை அவர்தான் தமிழில் சொன்னார். உங்கள் ஊரில் புதுத் தண்ணீரை யார் பார்த்துச் சொல்கிறார்கள் என்று கேட்டார். கருவி இருக்கிறது என்றேன். அந்தக் கருவி தண்ணீர் குடிக்குமா என்று கேட்டார். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இரண்டாம் நாள் காலை ஏழு மணிக்குக் கழிவு வால்வைத் திறந்தேன். தண்ணீர் கல் மேல் விழுந்து, சரிவில் செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு ஓடியது. ஊற்றிலிருந்து குழாயில் வருவது மெல்லிய தாரைதான். தொட்டி நிரம்ப ஒன்பது மணி நேரம் பிடிக்கும். ஒன்பது மணி நேரத் தண்ணீர் என் கண் முன்னால் காட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது. ஒரு செடிக்குக்கூடப் பாயவில்லை. அளவுக் குச்சி பாதியைக் காட்டியபோது என் கை வால்வை மூடிவிட்டது. பாதியில் புதுத் தண்ணீர் கலந்தால் மருந்து பாதியாகும், வெயில் பட்டால் இன்னும் குறையும், மறுபடி மருந்து போடவும் வேண்டியதில்லை என்று கணக்குப் போட்டுக்கொண்டேன். குறிப்பேட்டில் 'கழுவிய நீர் வெளியேற்றப்பட்டது, 7.35' என்று எழுதினேன். பாதி என்ற சொல்லை எழுதவில்லை.

முகாம் பள்ளிக்கூடக் கொட்டகையில் நடந்தது. மூட்டு வலி, கண் புரை, ஆறாத கால் புண் என்று வரிசை நீண்டது. டாக்டர் தலை நிமிரவில்லை. சீட்டு எழுதுவது என் வேலை. பத்து மணி சுமாருக்கு கெம்பம்மா என்ற பெண், இரண்டரை வயதுப் பையனைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். முந்தின நாளிலிருந்து வயிற்றுப்போக்கு. கண் குழிந்திருந்தது. சிஸ்டர் பையனின் வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டுப் பார்த்தார். அது திரும்பிப் போகக் கொஞ்சம் நேரம் எடுத்தது. போன மழைக்கு இறந்த குழந்தை இவளுடைய மூத்த பெண்தான் என்று பிறகு என்னிடம் சொன்னார்.

கெம்பம்மா கோபிப் பக்கம் கரும்பு வெட்டப் போய் வருகிறவள், தமிழ் பேசுவாள். உப்பு சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டுகளைக் கொடுத்து சிஸ்டர் சொன்னார்: "காச்சி வெச்ச தண்ணி இருந்தா இப்பவே கலக்கிக் குடு, கண்ணு. குழித் தண்ணி மட்டும் ஆகாது. மத்தியானம் தொட்டி தொறந்துருவாங்க. அப்பறம் அதுலயே கலக்கிக்கோ."

அவள் என்னைப் பார்த்தாள். "அது நல்ல தண்ணிங்களா?"

"நல்ல தண்ணிதாம்மா," என்றேன்.

பதினொன்றே முக்காலுக்குத் தொட்டி நிரம்பியது. மேய்ச்சலுக்குப் போகாமல் நிறுத்திவைத்திருந்த பசுவை பசுவண்ணனே பிடித்துவந்தார். சிவப்பு உடம்பில் வெள்ளைத் திட்டுகள், நெற்றியில் மஞ்சள். அகலமான பித்தளைப் பாத்திரத்தில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து அதன் முன்னால் வைத்தார்கள். ஊர் முழுவதும் குடங்களோடு நின்றது.

பசு குனிந்தது. மூச்சை ஊதியது, தண்ணீரில் வட்டம் எழுந்தது. தலையைத் தூக்கி இடது பக்கம் திருப்பிக்கொண்டது. சிறிது நேரம் கழித்துப் பாத்திரத்தை அந்தப் பக்கம் நகர்த்தி வைத்தார்கள். அது வலது பக்கம் திருப்பிக்கொண்டது. கூட்டத்தில் யாரோ சிரித்து, உடனே நிறுத்தினார்கள். பசுவண்ணன் கோபப்படவில்லை. பாத்திரத்தை எடுத்து ஒரு மரத்தடியில் ஊற்றினார். ஒரு வாக்கியம் சொன்னார். 'அதுக்கு இஷ்டமில்லை' என்று சிஸ்டர் மொழிபெயர்த்தார். பெண்கள் குடங்களை இடுப்பில் வைத்துக்கொண்டு கீழே குழிக்கு இறங்கினார்கள். பத்து நிமிடம் என்று நான் எழுதியது மட்டும் சரியாக இருந்தது.

டாக்டருக்கு வருத்தம். ஊரைக் கூட்டிப் பேசலாம் என்றார். பொன்னுசாமி மாட்டுக்கு டவுன் தண்ணீர் பழக்கமில்லை என்று எனக்கு ஆறுதல் சொன்னார். எனக்கு மாட்டின் மேல்தான் கோபம். மூன்று வாரத்தில் மழை வரும், ஒரு மாட்டின் மூக்குக்காக இரண்டு மாத வேலை வீணாகிறதே என்று குறிப்பேட்டில் அரைப் பக்கம் எழுதினேன்.

நான்கு மணிக்கு டெம்போ வந்தது. சோதனைப் பெட்டியை எடுத்துக்கொண்டு தனியாகத் தொட்டிக்குப் போனேன். சின்னக் கண்ணாடிக் குப்பியில் தண்ணீர் பிடித்து ஐந்து சொட்டு சோதனை மருந்து விட வேண்டும். பிளீச்சிங் குடிக்கும் அளவு இருந்தால் எலுமிச்சை மஞ்சள் வரும், கூடக் கூட நிறம் அடரும். எனக்கு ஆரஞ்சு வந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது செங்காவியாகக் கறுத்தது. குப்பியைக் கழுவி இன்னொரு முறை செய்தேன். அதே நிறம்.

சிஸ்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். குப்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"காலைல முழுசாத் தொறந்து உட்டீங்கதானுங் சார்?"

"பாதிதானுங்க."

"ஏனுங்க?"

"மனசு வரலீங்க சிஸ்டர்."

அவர் நேராகப் பசுவண்ணன் வீட்டுக்கு நடந்தார், நான் பின்னால் போனேன். நடந்ததை நான் தமிழில் சொல்ல, அவர் எதையும் மென்மையாக்காமல் கன்னடத்தில் சொன்னார் என்று நினைக்கிறேன், ஏனென்றால் பெரியவரின் மனைவி வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பசுவண்ணன் ஒரே கேள்வி கேட்டார். இது எனக்கு எப்போது தெரிந்தது? இப்போதுதான் என்றேன். அப்படியானால் போய்த் திறந்துவிடு என்றார்.

இந்த முறை வால்வை முழுவதும் திருப்பினேன். பசுவண்ணனும் நாலைந்து ஆண்களும் வந்து நின்று பார்த்தார்கள். தண்ணீர் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தபோது கெம்பம்மா மேட்டில் ஏறி ஓடிவந்தாள். பையன் குடித்ததையெல்லாம் வாந்தி எடுக்கிறான் என்று சிஸ்டரிடம் சொல்லத்தான் வந்திருக்கிறாள். ஓடுகிற தண்ணீரைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"ஏனுங்க அதைத் தொறந்து உடறீங்க? நான் அதுலதானுங்க கலக்கிக் குடுத்தேன்."

மாடு முகம் திருப்பி, எல்லோரும் குழிக்குப் போன பிறகு, ஆளில்லாத நேரத்தில் அவள் மட்டும் வந்து ஒரு குடம் பிடித்துப் போயிருக்கிறாள்.

அவள் வீடு ஊரின் கடைசியில் இருந்தது. டாக்டர் ஓடினார். சிஸ்டர் என்னைவிட மூன்று வயது மூத்தவர், என்னைவிட வேகமாக ஓடினார். குடத்தில் கால் பங்கு குறைந்திருந்தது. பையன் சில மடக்குத்தான் குடித்திருக்கிறான், துப்பியிருக்கிறான், அவள் மறுபடி புகட்டியிருக்கிறாள். அவளும் குடித்துப் பார்த்திருக்கிறாள். நாற்றம் தெரியவில்லையா என்று டாக்டர் கேட்டார். "நாத்தந்தானுங்க. மருந்துன்னா அப்படித்தான இருக்கும்," என்றாள்.

தொண்டையையும் வயிற்றையும் பார்த்துவிட்டு, அந்தத் தண்ணீரால் பெரிய கெடுதல் இல்லை என்று டாக்டர் சொன்னார். பயம் வேறு. காலையிலிருந்து வயிற்றில் நீர் தங்கவே இல்லை. உதடு காய்ந்திருந்தது, அழுதால் கண்ணீர் வரவில்லை. இரண்டு மணி நேரத்தில் மூத்திரம் போகாவிட்டால் ஜீப்பில் கீழே கொண்டுபோக வேண்டும், மலை இறங்கவே மூன்று மணி நேரம். ஊசி வழி நீர் ஏற்றும் வசதி எங்களிடம் இல்லை. பொன்னுசாமி ஜீப்பைத் திருப்பி நிறுத்தினார்.

அடுப்பில் தண்ணீர் கொதிக்க வைத்து, ஆற்றி, புதிதாகக் கரைசல் கலக்கி, நிமிடத்துக்கு ஒரு கரண்டி. சிஸ்டர் புகட்டினார். நான் நேரம் பார்த்துச் சொன்னேன். அந்த வீட்டில் நான் செய்ய முடிந்தது அது ஒன்றுதான். நாற்பதாவது கரண்டியில் ஒரு முறை ஓங்கரித்தான். சிஸ்டர் பத்து நிமிடம் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கினார். வாசலில் ஆட்கள் கூடி, தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். என்ன பேசுகிறார்கள் என்று நான் கேட்கவில்லை.

ஆறு நாற்பதுக்கு சிஸ்டர் தன் மடியைத் தொட்டுப் பார்த்தார்.

"நனச்சுப்போட்டான்," என்றார்.

டாக்டர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். நான் வெளியே போய்ச் சொன்னதும் யாரோ கன்னடத்தில் ஏதோ சொல்ல, வாசலில் சிரிப்பு எழுந்தது. நர்ஸம்மாவுக்குப் புடவை எடுத்துத் தர வேண்டும் என்றார்களாம்.

கெம்பம்மா குடத்தை எடுத்துக்கொண்டு கொட்டுவதற்காக வெளியே வந்தபோது நான் அவளிடம் சொன்னேன். தண்ணீர் தப்பு. தப்பு என்னுடையது. முழுவதும் திறந்துவிட வேண்டியதைப் பாதி திறந்தேன். நல்ல தண்ணீர் என்று காலையில் சொன்னபோது நான் சோதித்துப் பார்த்திருக்கவில்லை. மாடு சொன்னதுதான் சரி.

அவள் குடத்தைக் கீழே வைத்தாள்.

"குழித் தண்ணிய அந்த மாடு ஆசையாத்தானுங்க குடிக்குது. எம் பெரிய புள்ள அதைக் குடிச்சுத்தான் போனா. அதனாலதான் மாட்டக் கேக்காம உங்களக் கேட்டேன்."

குடத்தைச் சாய்த்துக் கொட்டிவிட்டு உள்ளே போனாள். நான் அங்கேயே நின்றேன். அவள் என்னைத் திட்டினால் சொல்ல ஒரு பதிலைத் தயாரித்துவைத்திருந்தேன்.

மூன்றாம் நாள் காலை ஐந்தரைக்குத் தொட்டி நிரம்பியிருந்தது. குடிக்கும் அளவுக்கு மட்டும் மருந்து போட்டு, ஒரு மணி நேரம் காத்திருந்து, பசுவண்ணன் முன்னால் குப்பியில் சொட்டு விட்டேன். எலுமிச்சை மஞ்சள். அவர் தலையசைத்தார். ஆனாலும் மாடு வரட்டும் என்றார். வாரா வாரம் மருந்து கரைத்து ஊற்றும் பொறுப்பை அவருடைய தம்பி மகனுக்குக் கொடுத்திருப்பதாகச் சொன்னார். பெயரை எழுதிக்கொண்டேன். நேற்றைய வரியில் 'வெளியேற்றப்பட்டது' என்பதற்கு முன் 'பாதி மட்டும்' என்று சேர்த்தேன்.

எட்டு மணிக்குப் பசு வந்தது. நேற்றைவிடக் கூட்டம் குறைவு. குனிந்தது, ஊதியது, தலையைத் தூக்கியது. நான் தரையைப் பார்த்தேன். உறிஞ்சும் சத்தம் கேட்டபிறகுதான் நிமிர்ந்தேன். பாதிப் பாத்திரம் குடித்துவிட்டு மேலே பார்த்தது, தாடையிலிருந்து நீர் வடிந்தது. பொன்னுசாமி என் காதருகே, "கையெழுத்துப் போட்டுருச்சுங் சார்," என்றார். பெண்கள் ஒருவர் பின் ஒருவராகக் குடம் பிடித்தார்கள். ஒரு வயதான அம்மாள் கையில் ஏந்திக் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார், ஆனாலும் குடத்தை நிரப்பிக்கொண்டார்.

நாங்கள் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தோம். பையன் இரவு தூங்கியிருந்தான், காலையில் கஞ்சி கேட்டிருந்தான். சிஸ்டர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அவர் பின்னாலேயே கெம்பம்மா காலிக் குடத்தோடு வந்தாள். குழாயடியில் அப்போது யாருமில்லை. அவள் குழாயைத் திறக்கவில்லை. என்னைப் பார்த்து நின்றாள்.

"மாடு குடிச்சிருச்சும்மா," என்றேன்.

"தெரியுங்க. நீங்க எதையோ ஊத்திப் பாத்தீங்களாமா. அதை எனக்குக் காட்டுங்க."

ஏற்றிய பெட்டியை இறக்கித் திறந்தேன். குப்பியை மூன்று முறை அலசி, அந்தக் குழாயிலேயே தண்ணீர் பிடித்து, சொட்டு விட்டேன். மஞ்சள் வந்தது. நிறங்கள் அச்சிட்ட அட்டையைப் பக்கத்தில் பிடித்தேன். அவள் இரண்டையும் என் கையிலிருந்து வாங்கி, வெயில் பக்கம் திரும்பி, தூக்கிப் பார்த்தாள். அட்டையில் செங்காவிக் கட்டத்தின் மேல் விரலை வைத்து, "நேத்து இதுங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அந்த விரலை மெல்ல நகர்த்தி எலுமிச்சைக் கட்டத்துக்குக் கொண்டுவந்தாள்.

"நாளைக்கு யாருங்க பாப்பாங்க?"

பதில் என் குறிப்பேட்டில் ஒரு பெயராக எழுதியிருந்தது. நான் அதைப் படிக்கவில்லை. சோதித்த தண்ணீரைக் குடிக்கக் கூடாது, கீழே கொட்டிவிட வேண்டும் என்று சொல்லி, குப்பியை வாங்கிக் கழுவி அவள் கையில் கொடுத்தேன். சோதனைச் சொட்டு மருந்துப் புட்டியையும் கொடுத்தேன். ஜீப்பில் பொன்னுசாமி ஒரு முறை ஹாரன் அடித்தார். சிஸ்டர் அவரை ஏதோ அதட்டினார், அதன் பிறகு அடிக்கவில்லை.

அவள் குப்பியில் தண்ணீர் பிடித்தாள். புட்டியைச் சாய்த்து, வாய்விட்டு எண்ணிக்கொண்டே ஐந்து சொட்டு விட்டாள். குப்பியை ஆட்டினாள். அட்டையோடு வைத்துப் பார்த்தாள். திருப்தியாகாமல், வெயில் நன்றாக விழும் இடத்துக்கு நான்கடி தள்ளிப் போய் இன்னொரு முறை பார்த்தாள். தண்ணீரைக் கீழே கொட்டினாள். பிறகுதான் குழாயைத் திறந்தாள்.